பரமேஸ் விதைத்த தட்டு

மார்ச் 3, ஞாயிறு

தம்பி பரமேஸ் மோட்டார் சைக்கிள் விபத்தில் போய் ஒரு மாதம். பிரிக்ஃபீல்ட்ஸில் அவன் இருந்த வாடகை அறையைக் காலி செய்துவிட்டு, அம்மாவும் நானும் கிள்ளான் வீட்டுக்கு வந்தோம். அவன் அறை ஜன்னலோரம் மூடி போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்தது. உள்ளே ஈரப் பாசி. குப்பைப் பையில் போடப் போனவள், ஏனோ திறந்து பார்த்தேன். பாசி மேல் ஊசிமுனை அளவில் பச்சை முளைகள்! ஜனவரியில் போனில் சொன்னானே: "அக்கா, பெரியோக் கெராங்கிற குடுவைச் செடி விதை போட்டிருக்கேன். குடுவை விட்டு பூச்சி பிடிச்சுத் தின்னும் லா."

அவன் இல்லை. இது முளைக்கிறது. தட்டை மடியில் வைத்தே வீடு வந்தேன்.

மார்ச் 12

பாதி முளை கறுத்துவிட்டது. அம்மா தினமும் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். "பிள்ளை வச்சது, சத்தா வளரட்டும்னுதான் ஊத்துனேன்."



மார்ச் 17, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை?

காலையில் கேட்டருகே முக்காடு போட்ட ஒரு பெண். "உஷாக்காவா? நான் மஹ்ஜபீன். பரமேஸோட ஆபீஸ்." துக்கம் கேட்க வந்தவள் என்று நினைத்தேன். நோன்பு, தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். "அந்தத் தட்டு இருக்காக்கா?"

காட்டி, அரிசி கழுவின தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சத்துத் தண்ணி இதுக்கு விஷம்க்கா. பைப் தண்ணியும் ஆகாது. மழைத் தண்ணி மட்டும்தான்."

கறுத்ததையெல்லாம் குச்சியால் மெல்ல எடுத்துப் போட்டாள். பந்திங் போகும் சாலையோரப் புதரில் அவளும் தம்பியும் சேர்ந்து பறித்த விதையாம். "கல்யாணத்துக்குள்ள ஒரு குடுவையாவது வந்துடும்னு சொன்னாரு."

"கல்யாணமா? யாருக்கு?"

"எங்களுக்குத்தான்க்கா."

திரும்பினால் அடுப்படி வாசலில் அம்மா. "அவன் மதம் மாறுறதா இருந்தானா?"

"பேசிக்கிட்டுத்தான் இருந்தோம்மா. முதல்ல உங்ககிட்ட சொல்லணும்னாரு."

அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 18

மத்தியானம் என்ன தின்றான் என்பதைக்கூட எனக்குச் சொல்லுவானே. இதை மட்டும் ஏன்டா சொல்லல? நான் என்ன, உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?

ஏப்ரல் 6

"செத்தவன் மேல கதை கட்டுறா. அந்தத் தட்டை அவகிட்டயே குடுத்துடு" என்றாள் அம்மா. மஹ்ஜபீனுக்குப் போன் போட்டேன். தட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "எங்க வீட்டுல வைக்க முடியாதுக்கா. வாப்பாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது."

அப்படியானால் இத்தனை நாளும் எங்கே போய் அழுதாள்? எனக்கு இது தோன்றவே இல்லையே!

தட்டு இங்கேதான் இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

மே 19

நல்ல மழை. வாளி வைத்துப் பிடித்தேன்.

ஜூலை 7, ஞாயிறு

ஓர் இலை நுனியில் குடுவை! எள்ளளவுதான். அதற்கு ஒரு மூடிகூட இருக்கிறது. படம் அனுப்பினேன், மஹ்ஜபீன் ஓடி வந்துவிட்டாள். தட்டைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

அவள் வந்தாலே அறைக்குள் போய்விடும் அம்மா இன்று போகவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தட்டின் மேல் குனிந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"என்னைப் பத்தி உங்கிட்ட என்ன சொல்லுவான்?"

மஹ்ஜபீன் திகைத்துப்போனாள். "நெறைய சொல்லுவாரும்மா."

அம்மா ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"உக்காந்து சொல்லு."