கால் வைக்காத கிளட்ச்

ஏப்ரல் 11, 2019

கண்ட்லாக் பண்ணையிலிருந்து வந்த குவியலை இன்றுதான் பிரித்தேன். பனி உருகி எங்கள் பழைய இரும்பு யார்டு முழுக்கச் சேறு. மூன்று வாளி, ஒரு குளியல் தொட்டி, நிறைய இரும்பு. கூடவே எஞ்சின் செத்துப்போன ஒரு ஹால்வர் தோட்ட டிராக்டரின் மொட்டை உடம்பு.

அண்ணன் ஆர்டனுக்குப் பொறுமை இல்லை. "மே ஒன்பது நசுக்குற லாரி வருது மார்லிஸ். நீ பேரு வச்சது ஷெட்டுக்கு. பேரு வைக்காதது லாரிக்கு."

இருபத்தாறு வருடமாக இதே வேலை. வார்ப்பு எண்ணைத் துடைத்துப் படி, துளைக்குத் துளை வெர்னியர் அளவி வைத்து அள, பெயிண்டைச் சுரண்டு. எந்த வண்டி, எந்த வருடம் என்று தெரிந்ததும் சீட்டு கட்டு. சாயங்காலத்துக்குள் முப்பதுக்குமேல் கட்டிவிட்டேன். ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எண் தெளிவாகத்தான் இருக்கிறது: ஹெச்-417, ஹால்வர் 1961, கிளட்ச் பெடல். ஆனால் கால் வைக்கும் தட்டைக் காணோம். அதை அறுத்துவிட்டு, அந்த இடத்தில் நீளமாக ஒரு கம்பியைப் பித்தளை ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டில் விரலை ஓட்டினேன். மோதிரம் மாதிரி வழுவழு.

யார் வேலை இது?

ஏப்ரல் 12

மழை. அந்தக் கம்பியையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 14

பிரேக் பெடலும் அப்படியே! இரண்டு கம்பியும் மேலே வந்து வலது கைப்பக்கம் வளைகின்றன. ஒரே கையால் இரண்டையும் ஆளலாம். கிளட்ச் கம்பியின் மரக் கைப்பிடியில் கட்டைவிரல் பட்டுப் பட்டு ஒரு குழி. என் விரல் அதில் அடங்கவில்லை. சின்னக் கை. பெண்ணோ?

ஆர்டனிடம் காட்டினேன். "எவனோ சோம்பேறி. காலத் தூக்கவும் வலிக்குது போல."

ஏப்ரல் 17

குளியல் தொட்டிக்கு அடியில் அந்த டிராக்டரின் சீட் கிடந்தது. இரண்டு பக்கமும் தகடு உயர்த்தி, குதிரைச் சேணத்து வாரால் ஒரு இடுப்புப் பட்டை. முதுகுப் பக்கம் இரண்டு இரும்புக் கிண்ணம், அவற்றுக்கு நேர் மேலே இரண்டு வளையம். என்னவென்று தெரியாமல் கிண்ணத்துக்குள் விரலை விட்டேன். கறுப்பு ரப்பர்த் தூள் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஊன்றுகட்டை. இரண்டு ஊன்றுகட்டைகளைச் சொருகி வைக்கும் இடம் அது!

அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆயிரம் வண்டிகளுக்குப் பேர் சொல்லியிருக்கிறேன். இரும்பு ஒருபோதும் ஒரு ஆளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதில்லை. ஆர்டன் வந்தான், நான் காட்டியதைப் பார்த்தான். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 20

டுவேன் கோபெக்கி வந்தான். ஹால்வர் வெறியன், வீட்டில் பதினோரு வண்டி வைத்திருக்கிறான். நான் சீட்டு கட்டியவற்றில் ஒரு பெட்டி நிறைய எடுத்துக்கொண்டான். பிறகு அந்தக் கிளட்ச்சைப் பார்த்துவிட்டான்.

"417 கிடைக்கிறதே இல்ல. குடு. அந்தக் கம்பிய அறுத்துட்டுப் புதுத் தட்டு வச்சா கம்பெனி வண்டி மாதிரியே ஆயிடும்."

"அறுக்கக் குடுக்க மாட்டேன்."

"அது எவனோ பண்ணி வச்ச கோளாறு, மார்லிஸ்!"

"கோளாறு உன் கண்ணுல" என்று கத்திவிட்டேன். அவன் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். நல்ல வாடிக்கைக்காரன். எனக்கு என்ன ஆயிற்று?

ஏப்ரல் 23

பண்ணையை விற்றவருக்கு போன் செய்தேன். "ஓ, அது எங்க அத்தை எல்வைராவோட வண்டி. மில்டவுன் முதியோர் இல்லத்துல இருக்காங்க. இத எல்லாம் யாரு கேப்பாங்கன்னு நினைச்சோம்."

உயிரோடு இருக்கிறார்!

ஏப்ரல் 27

போனேன். எல்வைரா கண்ட்லாக், எண்பத்தொரு வயது. சக்கர நாற்காலி, கூர்மையான மூக்கு. பையிலிருந்து கிளட்ச்சை எடுத்துக் கொடுத்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் அந்தக் குழியில் உட்கார்ந்தது.

"இந்த ஒட்டு மூணு தடவ விட்டுப்போச்சு. நாலாவதுதான் நின்னுச்சு" என்றார்.

பதினான்கு வயதில் போலியோ. இருபத்தைந்தில் தானே அறுத்து, தானே ஒட்டியிருக்கிறார்.

"புல் வெட்டுறதுக்காகத்தானே?" என்று கேட்டேன்.

"புல்லா? அடி பொண்ணே, ரோட்டுல பனி தள்ள! பால் லாரி வரலன்னா அன்னிக்குக் கறந்த பால் மொத்தமும் சாக்கடைக்குத்தான். எங்க ரோட்டுல ஆறு பண்ணை. இருபத்தொம்பது குளிர்காலம் நான்தான் தள்ளுனேன். லாரி ஒரு நாள் நின்னதில்ல."

அவர் என் கையைத் தட்டினார். "அதெல்லாம் இருக்கட்டும். வட்டத் தகடு ஒண்ணு, மூணு துளை போட்டது, அது கிடைச்சுதா? அதுலதான் சீட் திரும்பும். கட்டைய ஊனி நின்னு, பக்கவாட்டுல உக்காந்து, அப்படியே சீட்டோட திரும்பிக்குவேன். யாரும் என்னத் தூக்கி வைக்க வேண்டாம். நான் செஞ்சதுல அதுதான் உருப்படி."

அந்தத் தகட்டை நான் பார்த்த நினைவே இல்லை.

மே 5

எட்டு நாள். பின்குவியல் முழுக்கப் புரட்டினேன். ஆர்டன் முனகிக்கொண்டே வந்து மண்வெட்டியை எடுத்தான். "ஒரு தகட்டுக்காக என் இடுப்பு போகுது." ஆனால் என்னை விட்டுப் போகவில்லை, இருட்டும்வரை கூடவே நின்றான்.

மே 9

லாரி வந்துவிட்டது. ஆர்டன் டிரைவரை உள்ளே கூப்பிட்டு ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பும் காபியும் கொடுத்து ஒரு மணி நேரம் இழுத்தடித்தான். தகடு அகப்படவில்லை. ஷெட்டில் வைத்த டிராக்டர் உடம்பைத் தவிர குவியல் முழுக்கப் போய்விட்டது. நசுங்குகிற சத்தம் தாங்காமல் ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த அம்மாவிடம் என்ன சொல்லுவேன்?

மே 12

சீட்டு நோட்டைப் புரட்டினேன். ஏப்ரல் 11, என் கையெழுத்தில்: "வட்டத் தகடு, 3 துளை. சக்கரத்துக்கு எடை கூட்டும் தகடு, ஹால்வர்." அளந்துகூடப் பார்க்கவில்லை. வட்டம், துளை, ஹால்வர் குவியல், அவ்வளவுதான் என்று கட்டிவிட்டேன். டுவேன் கொண்டுபோன பெட்டியில் போயிருக்கிறது.

இருபத்தாறு வருடம்! வெட்கம்.

டுவேனுக்கு போன் செய்தேன். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். எல்வைராவின் கதையையும் அந்தத் தகடு எதற்கு என்பதையும் மட்டும் சொன்னேன். "நான் அதுல இன்னொரு துளை போட்டுட்டேனே" என்றான்.

மே 13

காலை ஏழு மணிக்கே தகட்டோடு டுவேன் வாசலில். ஒரு துணியில் சுற்றி, முட்டை கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தான். "எஞ்சின நான் பாத்துக்கறேன்" என்றான். கிளட்ச் கம்பியைத் தொடும் முன் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஜூன் 15

இன்று இல்லத்து வண்டி நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோனோம். எல்வைரா முதலில் தகட்டைத் தடவினார்.

"நாலாவது துளை யாரு?"

டுவேனுக்கு முகம் காது வரை சிவந்தது. "நான்தாங்க."

"பரவால்ல. எண்ணெய் விட வசதியா இருக்கும்."

மேற்பார்வையாளர் அம்மா தடுக்க வந்தார். எல்வைரா கேட்கவில்லை. ஊன்றுகட்டைகளை வாங்கி எழுந்து நின்றார். நான் பிடிக்கப் போனேன். "கிட்ட வராத!" என்றார். பக்கவாட்டில் உட்கார்ந்தார். கட்டைகளைக் கிண்ணத்தில் சொருகினார். இடுப்பை லேசாக அசைத்தார்.

சீட் திரும்பியது. ஒரு சத்தமும் இல்லை. ஐம்பத்தாறு வருடத்துத் தகடு, பால் ஊற்றுவதுபோல் திரும்பியது.

ஒரு சுற்று போனார். வலது கையில் இரண்டு கம்பியும், இடது கையில் ஸ்டியரிங். இரண்டாவது சுற்றில் ஆர்டன் தொப்பியைக் கழற்றிவிட்டான். மேற்பார்வையாளர் "போதும், போதும்" என்று கத்த மூன்றாவது சுற்று.

ஆகஸ்ட் 3

வண்டி இல்லத்துக் கொட்டகையில்தான் நிற்கிறது. எண்ணெய் மாற்ற இன்று போனேன். சாவியைக் கேட்டால் எல்வைரா தர மாட்டேன் என்கிறார்.