கேரவன் தரையில் மெத்தென்று ஓர் இடம்

ஜூலை 4, செவ்வாய்

காலையில் தேநீருக்குத் தண்ணீர் பிடிக்கப் போய், கேரவனுக்குள் பாத்திரம் கழுவும் தொட்டி முன் நின்றேன். வலது குதிகால் கீழே இறங்கியது. உடையவில்லை. மெத்தைமேல் நின்றதுபோல் இறங்கி, காலை எடுத்ததும் மேலே வந்தது. வினைல் விரிப்பின் ஓரத்தைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். கைப்பிடிவரை உள்ளே போயிற்று. வேகாத கேக்கில் விட்ட குச்சிபோல ஈரத்தோடு வெளியே வந்தது.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் இந்த வீட்டு வண்டியை வாங்கி நான்கு நாள்தான் ஆகிறது. விற்ற கிளெம் ஹாடோவுக்கு ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருக்கும் இந்த கிம்பி ஊரிலேயே வீடு. எழுபத்துநாலு வயது, தச்சர். "தரையா? கல்லு மாதிரிம்மா" என்று தட்டிக் காட்டினார். தட்டியது கதவோரம் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் இந்த வண்டியின் வாசலில் அக்கா ஜானெல் காபிக் கோப்பையோடு நின்று பார்த்தாள். "திருப்பிக் கொடுத்துடு வெர்னா. உனக்கு என்ன தச்சு வேலை தெரியும்?"

எதுவும் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரிச் சமையலறையில் பத்தொன்பது வருடம் இருந்தவள் நான். அடுப்பு நின்றுபோன நாளிலும் இருநூறு தட்டு நேரத்துக்குப் போயிற்று. ஆகஸ்ட் ஏழாம் தேதி தூர மேற்கில், லாங்ரீச்சுக்கு அப்பால் ஒரு பண்ணையில் மாடு திரட்டும் முகாமுக்குச் சமைக்கப் போகிறேன். மூன்றாம் தேதி கிளம்பியாக வேண்டும். விவாகரத்துக்குப் பின் ஜானெலின் பின்னறையில் ஒன்றரை வருடம் படுத்திருந்தது போதும். முகாமில் எனக்கு இருக்க இடம் இந்த வண்டிதான்.

தரையை நானே மாற்றுவேன்.

ஜூலை 5, புதன்

கிளெமுக்குப் போன் செய்தேன். "அழுகல்" என்ற சொல் காதில் விழுந்ததுமே வைத்துவிட்டார்.

ஜூலை 6, வியாழன்

போனை வைக்கலாம். வாசலில் வந்து நிற்பவளை என்ன செய்வார்? அழுகிய மரத்தை ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு எடுத்துப் போனேன். திறந்து பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இது என் வண்டியில இருந்து வந்தது இல்ல."

"பின்ன, ராத்திரி நானே செஞ்சு ஊற வெச்சேனா?"

"இந்தாம்மா, நாப்பது வருஷமா ஊருக்கே கதவு ஜன்னல் போட்டவன் நான். என் வண்டில அழுகல் இருந்தா எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சிருந்தா நீங்க பொய் சொன்னீங்க. தெரியலைன்னா வந்து பாருங்க. எனக்கு வண்டிய திருப்பிக் கொடுக்க வேண்டாம் கிளெம். உங்க கை வேணும்."

டப்பாவை மூடினார். "சனிக்கிழமை வரேன். நீ சொன்னது தப்புன்னு காட்டத்தான்."

ஜூலை 8, சனி

வந்தார். நேராகத் தொட்டி முன் போய் ஓங்கி ஒரு மிதி. கணுக்கால்வரை இறங்கிவிட்டது.

சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. காலை உருவிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார் — நான்தான் ஏதோ செய்து வைத்ததுபோல. "புதுசா வாங்கினதுலேர்ந்து நானும் நோலாவும்தான் வெச்சிருந்தோம். வேற எவனும் தொட்டதில்ல." நோலா அவர் மனைவி. இறந்து எட்டு வருடம்.

விரிப்பைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "இதுக்கு அடியில பழைய விரிப்பு ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துச் சரக்கு. கல்நார் கலந்திருக்கலாம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பரிசோதனைக்கு அனுப்பிட்டுத் தொடு." தூக்கிய ஓரத்தை ஈரப்படுத்தி ஒட்டிவைத்தோம்.

கோபக்காரர்தான். வேலை தெரிந்தவர்.

ஜூலை 14, வெள்ளி

முடிவு வந்தது. கல்நார் இல்லை. ஆறு நாள் போய்விட்டது.

ஜூலை 15, சனி

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மேல் விரிப்பை உரித்தோம். அடியில் பழைய விரிப்பு தொட்டி முன் மட்டும் சதுரமாக வெட்டப்பட்டு, அந்த இடத்தில் மெல்லிய பிளைவுட் பதித்திருந்தது; நடுவில் கிளெமின் கால் இறங்கிய ஓட்டை. சுற்றிலும் ஒரு சாண் இடைவெளியில் ஸ்க்ரூ, தலை துருத்தாமல், பல்வரிசைபோல. "நல்ல வேலைக்காரன்" என்றார் கிளெம், தன்னையறியாமல். பிறகு பலகையைப் பெயர்த்துத் திருப்பினார்.

அடிப்பக்கம், அழுகாத ஓரத்தில், பென்சிலில் கணக்குகள். நீளம், அகலம், கழித்தல். ஏழு வரும் இடத்திலெல்லாம் ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு.

அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"நோலா போடற ஏழு."

வெளியே போய் படியில் உட்கார்ந்தார். நானும் போய் உட்கார்ந்தேன். துண்டுதுண்டாகச் சொன்னார். ஒன்பது வருடம் முன்பு, வடகோடி கேப் யார்க்குக்கு இருவரும் போன பயணத்துக்கு முந்தின வாரம், மூன்று நாள் மீன் பிடிக்க டின் கேன் பே கடற்கரைக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்தபோது வண்டியில் புது விரிப்பு. பழசு அழுக்காக இருந்தது, மேலே புதுசு விரித்தேன் என்றாளாம் நோலா.

"ஏன் சொல்லல?" என்றேன், அசட்டுத்தனமாக.

"சொல்லியிருந்தா மொத்த வண்டியையும் பிரிச்சுப் போட்டிருப்பேன். அச்சுவரைக்கும். ஆறு மாசம் ஆயிருக்கும். போயிருக்கவே மாட்டோம். போயிட்டு வந்த வருஷமே கிறிஸ்மஸுக்கு அவளுக்கு முடியாமப் போச்சு. அதுக்கப்புறம் எங்கயும் போகல."

எழுந்தார். "ஒன்பது வருஷம் அதுமேல நடக்க விட்டிருக்கா என்னை. முட்டாள் மாதிரி."

கருவிப்பெட்டியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

ஜூலை 16, ஞாயிறு

அவர் வரவில்லை. பழுதைத் தோண்டினேன் சரி — ஒரு மனுஷன் மனசையும் சேர்த்துத் தோண்டிட்டேனா? நான் என்ன பண்ணட்டும்? நாள் ஓடிட்டிருக்கு.

ஜூலை 18, செவ்வாய்

அழுகலை வெட்டி எடுத்தேன். நல்ல மரம் வரும்வரை குத்திக் குத்திப் பார்த்து, அங்கிருந்து ஒரு கை தள்ளிக் கோடு போட்டேன். கீழே குறுக்குச்சட்டம் ஒன்று தூளாகியிருந்தது. தண்ணீர் வந்த வழியும் கிடைத்தது: தொட்டிக்கு மேலே உள்ள ஜன்னல். ஜானெல் வெளியிலிருந்து குழாயால் பீய்ச்சினாள், நான் உள்ளே டார்ச்சோடு. சட்டத்தின் மூலையில் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது.

"வந்துச்சா?"

"வந்துச்சு!"

இருவரும் லாட்டரி விழுந்ததுபோலக் கத்தினோம். ஆபீஸ் உடையில் முழுக்க நனைந்து நின்றவள், அந்த ஜன்னலுக்குத் தானே பசை பூசுவேன் என்று அடம்பிடித்தாள். திருப்பிக் கொடு என்ற பேச்சு இப்போது அவள் வாயில் வருவதில்லை.

ஜூலை 20, வியாழன்

புது பிளைவுட்டைத் தப்பாக அறுத்துவிட்டேன். ஒரு விரல் குறைவு. முழுப் பலகை. புல்வெளியில் உட்கார்ந்து தெரிந்த கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். நாளைக்கு வேறு பலகை வாங்குவேன், அவ்வளவுதான்.

ஜூலை 22, சனி

ஏழரை மணிக்கு வண்டிச் சத்தம். கிளெம். வணக்கம்கூட இல்லை. உள்ளே போய் முட்டி போட்டு நான் வெட்டிய ஓரத்தைத் தடவினார். குட்டைப் பலகையைப் பார்த்தார்.

"தப்பா அளந்திருக்க."

"தெரியும்."

"புதுசு?"

"அதோ."

அளவு நாடாவை எடுத்தார். பிறகு, முகத்தைத் திருப்பாமல்: "ஒரு வாரமா யோசிச்சேன். அவ செஞ்சதுல ஒரே ஒரு தப்பு. ஜன்னல அடைக்காம விட்டுட்டா."

"அத எங்க அக்கா அடைச்சிட்டா."

"பார்த்தேன். பன்னுல வெண்ணெய் தடவின மாதிரி இருக்கு." தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எட்டிப் பார்க்கவில்லை.

தூளான சட்டத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போல்ட் போட்டு முடுக்கினோம். நோலாவின் பலகையைத் துணியில் சுற்றி ஷெட்டில் வைத்திருந்தேன். போகும்போது கேட்காமலே கொடுத்தேன். முன்சீட்டில் வைத்துக்கொண்டு போனார்.

ஜூலை 23, ஞாயிறு

பலகை கச்சிதமாக உட்கார்ந்தது. பசை, ஸ்க்ரூ, எல்லாம் நானே. அவர் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தார். வாயைத் தவிர எதையும் அசைக்கவில்லை.

சண்டை மதியம் வந்தது. உளியோடு படுக்கை அடியில் நுழைந்தார். "அலமாரியக் கழட்டுவோம். அடியில என்ன இருக்குன்னு பார்க்கணும். அப்படியே பின்பக்கம் வரைக்கும்."

"குத்திப் பார்த்துட்டேன். பத்து இடம். காய்ஞ்ச மரம்."

"அரைகுறையா விடக்கூடாது வெர்னா."

"அரைகுறை இல்ல. அழுகினது எல்லாம் எடுத்தாச்சு, தண்ணி வர்ற வழிய அடைச்சாச்சு. மூணாம் தேதி நான் கிளம்பறேன், கிளெம். அலமாரியைப் பிரிச்சா கிளம்ப மாட்டேன். உங்களுக்கே தெரியும்."

நான் நோலாவின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை. கிளெம் உளியைத் துடைத்து, உறையில் போட்டு, பெட்டியை மூடினார்.

"சரி. நீ போகணும்."

இந்த மூன்று வாரத்தில் அவர் செய்த கடினமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஜூலை 27, வியாழன்

வினைல் பட்டைகளைப் பதித்து முடித்தேன். இரண்டு நாள் உள்ளேயே பரப்பி உள்சூட்டுக்குப் பழக்கிவிட்டு, சுவரோரம் அவை விரிய இடைவெளி விட்டு. கதவருகே கடைசிப் பட்டை கொஞ்சம் கோணல். கிளெம் பார்த்தார், கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. ஜானெல் காலுறையோடு சறுக்கி விளையாடினாள். அறுபத்திரண்டு வயது அவளுக்கு.

ஆகஸ்ட் 3, வியாழன்

கிளம்பிவிட்டேன். இன்றிரவு வழியில் ரோமா ஊரில் தங்கல்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இந்த மாதத்தில் இங்கே முகாமில் மழை பெய்யாது என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு வானம் கறுத்தது. சாப்பாட்டுக் கூடாரத்தைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. மாட்டிறைச்சிக் குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கேரவனுக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் ஆட்கள் என் பின்னால் சேறும் சகதியுமாக ஓடி வருகிறார்கள்.

"பூட்ஸைக் கழட்டாம எவனாவது ஏறுங்க பார்ப்போம்!"

பதினொரு பேர். படுக்கையில் நாலு பேர், மற்றவர்கள் நின்றபடி, முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு. ஒருவன் நகர்ந்தால்தான் இன்னொருவன் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியும். முகாம் தலைவர் டகி தொட்டியில் சாய்ந்துகொண்டு மூன்றாவது தட்டு கேட்டார். கடைக்கோடியில் நின்றவனுக்கு ரொட்டி தலைக்கு மேலேயே கைமாறிப் போயிற்று. மழை கூரையைப் போட்டு அடித்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோரும் பேசினார்கள்.

மூன்று மணிக்கு மழை விட்டது. அவர்கள் போனபின் கதவோரம் கிடந்த சேற்றைத் துடைக்க உட்கார்ந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது — பதினொரு ஆட்கள், இரண்டரை மணி நேரம். தரையைப் பற்றி நான் ஒருமுறைகூட நினைக்கவில்லை.

இரவுக்கு என்ன சமைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.