இரண்டாம் இரவுக்குச் சமதரை

செப்டம்பர் 4

மாவுக்கட்டுப் போட்ட காலை நாற்காலிமேல் நீட்டிக்கொண்டு மலை வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். யார் வீட்டுக் குளியலறையிலோ டைல்ஸ் ஒட்டும்போது முக்காலியிலிருந்து விழுந்தவன் நான். லீவு போட்டு, ஷூ வாங்கி, ஆசையாக இருந்தவள் என் மனைவி. போகாதே என்று எந்த வாயால் சொல்வது? தங்கையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். நான்கு நாள் நடை, மூன்று இரவு டென்ட்.

எங்கள் வீட்டு வழக்கப்படி மூட்டை கட்டுவது அவள், படுக்கிற இடம் பார்ப்பது நான். கூடப் போகாவிட்டாலும் அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

செப்டம்பர் 5

முதல் இரவுக்கும் மூன்றாம் இரவுக்கும் சண்டையில்லாமல் இடம் அமைந்துவிட்டது. இரண்டாவதுதான் தகராறு. வரைபடத்தில் உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமம். ஆற்று வளைவில் ஓரிடத்தில் கோடே இல்லை. பிறந்ததிலிருந்து தரையைச் சமம் பார்த்தே பிழைக்கிறவன், விடுவேனா? பென்சிலால் வட்டம் போட்டேன். அவள் விரல் அதற்கு மேலே இருந்த ஒரு மேட்டில் நின்றது.

"அங்க சரிவு. தூக்கத்துல உருண்டு ரெண்டு பேரும் வெளிய போயிடுவீங்க."

"ஆத்துச் சத்தத்துல எனக்குத் தூக்கம் வராது. உங்களுக்குத் தெரியும்ல?"

"மேல தண்ணி சுமக்கணும். அப்புறம் இடுப்பு வலிக்குதுன்னு என்கிட்ட வராத."

மச்சினி சிரித்தாள். "விடுக்கா. மாமா பொறக்கும்போதே கையில ரசமட்டத்தோட பொறந்தவரு."

நான்தான் ஜெயித்தேன். சத்தம் போட்டவன் ஜெயித்தான் என்று எழுதுவதே சரி. ஏதாவது ஆனால் தேட வசதியாக, வட்டம் போட்ட இடத்தில் மட்டும்தான் தங்க வேண்டும் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். "சரி, சத்தியம். போதுமா? இப்ப காலைக் கீழ வைக்காம உக்காருங்க" என்றாள்.

செப்டம்பர் 9

கிளம்பிவிட்டார்கள். வாசல்வரை நொண்டிப் போய் வழியனுப்பினேன். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

செப்டம்பர் 10

மத்தியானத்திலிருந்து மழை. இன்று இரண்டாம் இரவு. மலையில் சிக்னல் கிடைக்காது, தெரிந்ததுதான். தெரிந்தும் எத்தனை தடவை போனை எடுத்துப் பார்ப்பது?

செப்டம்பர் 11

காலைச் செய்தியில் அந்த ஆறு. நடைபாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டதாம்.  மீட்புக் குழு அதிகாரியைப் போனில் பிடிப்பதற்குள் உயிர் போய் வந்தது. மனிதர் நிதானமாகக் கேட்டார்.

"நேத்து ராத்திரி எங்க தங்கியிருப்பாங்க?"

ஆற்று வளைவு என்றேன். 

"பிளான் பண்ணின இடத்துலதான் தங்குவாங்களா? மாத்திக்குவாங்களா?"

"மாத்த மாட்டா சார். சத்தியம் பண்ணியிருக்கா."

அதைச் சொல்லும்போது ஏதோ பெருமை பேசுவதுபோல் இருந்தது என் குரல்.

செப்டம்பர் 12

டென்ட் கிடைத்துவிட்டது. கிழிந்து, ஒரு வேரில் சிக்கிக் கிடந்ததாம். ஆள் இல்லை. ஆற்றோரமாகக் கீழ்நோக்கித் தேடுகிறார்கள். கீழே தேடுகிறார்கள் என்றால் எதைத் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அந்த இடத்தில் ஏன் கோடே இல்லை? ஆறு ஏறி ஏறி வந்து நிரவிய இடம், அதனால்தான் இல்லை. குளியலறைத் தரையைச் சமமாகப் போடச் சொன்னால் வீட்டுக்காரரோடு சண்டைக்கே போவேன். வடிகாலைப் பார்த்துச் சரிவா வாட்டம் விடணும், வாட்டம் இல்லாட்டி தண்ணி அங்கேயே நிக்கும்னு தொண்டை கிழியக் கத்துவேன். ஊர்ல இருக்கிறவன் வீட்டுக்கெல்லாம் வாட்டம் பாத்தியே, உன் பொண்டாட்டியை எங்கடா படுக்க வெச்சே?

மாமியார் போன் செய்துகொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை. இரண்டும் அவர் பெற்ற பிள்ளைகள். என்னவென்று சொல்வேன்?

அதே நாள், மாலை

சும்மா உட்கார முடியாமல் வேலைப் பையைக் கொட்டி அடுக்கினேன். தரை சமமா என்று குமிழி வைத்துக் காட்டும் சின்ன ரசமட்டத்தைக் காணோம். உள்ளங்கை அளவுதான் இருக்கும். அவள்தான் எடுத்துப் போயிருக்க வேண்டும். குமிழி நடுவில் நிற்கிறது பாருங்கள் என்று போட்டோ எடுத்து வந்து என்னைக் கிண்டல் பண்ண.

அவளுக்கும் வாட்டம் தெரியும். தினமும் சோற்றோடு என் புலம்பலையும் சேர்த்துத்தானே சாப்பிடுகிறாள். குமிழியைப் பார்த்திருந்தால்? மழையையும் பார்த்திருந்தால்? கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சைக் கேட்கவில்லை என்றுதான் அவளோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். இன்றைக்கு, கேட்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கவே கூடாது என்று அழுதேன்.

அதிகாரிக்குப் போன் போட்டேன். "சார், மேல ஒரு மேடு இருக்கு. அங்க பாருங்க."

"சொன்ன இடத்தை மாத்த மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அது என் வாய்க்கொழுப்பு. என் பேச்சைக் கேக்காத பொம்பளைன்னு நெனச்சுத் தேடுங்க சார்."

பெருமூச்சு விட்டார். "கீழ நிறுத்த முடியாது. விடிஞ்சதும் ரெண்டு பேரை மேல அனுப்புறேன்."

செப்டம்பர் 13

மேட்டில் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லையாம். மாமியார் நேரிலேயே வந்துவிட்டார்.  போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பிப்ரவரி 21

மச்சினி வரவில்லை. மூடுபனி விலகி இருவரையும் மேட்டிலிருந்து இறக்கியபோது அவளுக்கு இருந்த கால் சுளுக்கு அப்போதே சரியாகிவிட்டது, என்மேல் இருக்கிற கோபம் இன்னும் சரியாகவில்லை. நியாயம்தான்.

இந்தத் தடவை இடம் பார்த்தது என் மனைவி, அதே மேடு. நான் மூட்டை கட்டினேன், உப்பை மறந்துவிட்டேன். அன்றைக்கு நடந்ததை நேற்றுதான், தண்ணீர் சுமந்துகொண்டு மேடேறும்போது, முழுதாகச் சொன்னாள்.

"சத்தியம் பண்ணிட்டேனேன்னு நீங்க சொன்ன இடத்துலதான் டென்ட் போட்டேன். மழை வலுத்ததும் இந்தக் குட்டி ரசமட்டத்தை எடுத்துத் தரையில வெச்சேன். குமிழி அப்படியே நடுவுல நின்னுச்சு. தண்ணி எங்க போகும், எங்க போகும்னு நீங்க கத்துறது காதுலயே கேட்டுச்சு. டென்ட்டை விட்டுட்டு தங்கச்சியை இழுத்துக்கிட்டு மேல ஓடிட்டேன்."

அவள் சுமந்த தண்ணீரையும் நான் வாங்கிக்கொண்டேன். 

இங்கே ரசமட்டத்தைத் தரையில் வைத்தால் குமிழி ஒரு ஓரமாகப் போய் ஒட்டிக்கொள்கிறது. நேற்று இரவு முழுக்க உருண்டு உருண்டு அவள்மேல் போய் முட்டினேன். "தள்ளிப் படுங்க" என்றாள் தூக்கத்தில். தள்ளித்தான் படுத்தேன். கண் அசந்ததும் மறுபடி அவளிடமே வந்து சேர்ந்திருந்தேன்.