சுடுகிற பெட்டியின் மேல் மாட்டிய பலகை

நேற்று அலுவலகத்தில் புது மெஷின் ஒன்றுக்காக "அனுமதியின்றித் தொடக் கூடாது" என்று பலகை எழுதிக் காயவைத்திருந்தார்கள். அந்தச் சிவப்புப் பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ போய் ஒரு மாதம்தான் ஆகிறது. உன்னோடு பேச்சை நிறுத்திப் பதினேழு வருஷம்.

எழுபத்தைந்து வாக்கில் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு அந்தப் பெட்டி வந்தது. புதுச்சேரியில் ஏதோ கிளப்பை மூடியபோது கடைக்காரர் வாங்கிவந்த பழைய விளையாட்டு மெஷின். முன்னால் இரும்புத் துப்பாக்கி. கண்ணாடிக்குள் தகரக் கப்பல்கள் நகரும். குறி தப்பாமல் சுட்டால் பல்பு எரிந்து ஒரு எண் ஏறும். உப்பளத்து ஆட்கள் நாலு பேர் தூக்கிவந்து இறக்கினார்கள். எலெக்ட்ரிகல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த நான் இணைப்புக் கொடுத்தேன். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்த நீ வேடிக்கை பார்க்க வந்தாய்.

பத்து நாளில் கோளாறு. காலையில் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் சுடாமலே எண் ஏறும். துப்பாக்கியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கும். மீட்டரை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தேன். பார்த்ததெல்லாம் காலையில், எதுவும் அகப்படவில்லை. சாயங்காலம் விளையாட வருபவர்கள் உப்பளத்து ஆட்கள் என்பது கண்ணில் பட்டதும் காரணம் கிடைத்துவிட்டதாக நினைத்தேன். அவர்கள் கையிலுள்ள உப்பு துப்பாக்கி வழியே உள்ளே இறங்குகிறது என்று கடைக்காரருக்கு அரைமணி நேரம் பாடமே நடத்தினேன். மறுநாள் பெட்டியின் மேல் பலகை தொங்கியது: "உப்பளத்து ஆட்கள் தொடக் கூடாது." சிவப்புப் பெயின்ட், எழுத்து என்னுடையது.

நீ அதைப் படித்தாய். குடத்தில் தண்ணீர் மொண்டு கையைக் கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு துப்பாக்கியைப் பிடித்தாய். அடித்தது. டீ குடிக்க வந்த பஸ் கண்டக்டரைப் பிடிக்கச் சொன்னாய். "ஏம்பா, வண்டில நாப்பது பேரு காத்திருக்கான், என்னப் போயி சாவடிக்கப் பாக்குற" என்று, தொட்டதுமே அடி வாங்கிய கையை அவர் உதறினார்.

"கை இல்லடா, காத்து" என்றாய். "காலைல காஞ்ச காத்து. கடல்காத்து திரும்பினாதான் இதுக்குக் கிறுக்குப் புடிக்குது."

கரண்டை நிறுத்திவிட்டு, பின்பலகையைக் கழற்றிக் கையை விட்டாய். ஒயர்கள் சேருமிடத்தில் இருந்து சாக்குத் துண்டு ஒன்று வந்தது. பழைய உப்புச் சாக்கு. கடல்காற்றின் ஈரத்தைக் குடித்து நசநசவென்றிருந்தது; அந்த உப்பீரம் வழியாகத்தான் கரண்ட் கசிந்திருக்கிறது. பெட்டி ஓடும்போது பின்பலகை கடகடத்ததால் அதை மடித்துச் செருகியவன் நான். பெட்டியின் பின்பக்கத்தைத் திறந்தவன் நான் ஒருவன்தான் என்பது உனக்குத் தெரியும்.

"இத யாரு வச்சது?" என்று கேட்டாய்.

கடைக்காரர் முந்திக்கொண்டார். "வேற யாரு, தூக்கியாந்த உப்பளத்துப் பசங்கதான். இவனுங்கள கிட்ட சேத்ததே தப்பு."

நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மீட்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பெட்டி சரியாயிற்று. பலகை இறங்கவில்லை.

வெளியே வந்ததும் உன்னைத்தான் குறை சொன்னேன், தெரிந்தவன் நீயே சொல்லியிருக்கலாமே என்று.

"நான் சொன்னா, உப்பளத்தான் உப்பளத்தானுக்குப் பேசுறான்னு போயிடும்டா. நீ சொன்னாதான் பலகை எறங்கும்."

நான் சொல்லவில்லை. நாலு பேர் முன் என்னைக் கேள்வி கேட்டாய் என்ற கோபத்தை மட்டும் வளர்த்து, உன்னோடு பேச்சை நிறுத்தினேன். என்னைத் தாண்டிப் போன பதவி உயர்வு, வீட்டைப் பிடுங்கிக்கொண்ட அண்ணன் என்று எனக்கு வஞ்சங்கள் பல உண்டு. அவற்றில் நியாயமும் உண்டு. உன்மேல் வைத்ததில் இல்லை. அது அன்றே தெரிந்ததால்தான் விடாமல் வைத்திருந்தேன் போலிருக்கிறது. கடை கைமாறும்வரை பலகை தொங்கியது. அதுவரை நீ கடைக்குள் நுழையாமல், கிளாசோடு ரோட்டோரம் நின்றுதான் டீ குடித்தாய்.

உன் காரியத்துக்கு வந்தேன். உன் தம்பி என்னை அங்கிருந்தவர்களுக்குக் காட்டி, "பஸ் ஸ்டாண்டு சுடுற பெட்டிய ரிப்பேர் பாத்தது இவருதாங்க, அண்ணன் எப்பவும் சொல்லும்" என்றான். கிண்டலாகச் சொல்லிவந்தாயா, மனமாரச் சொன்னாயா, தெரியவில்லை. பெட்டியைத் தூக்கிவந்த நால்வரில் ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார். "நாங்கதான் சாக்க வச்சி கெடுத்துட்டோம்னு அப்ப ஒரே பேச்சு" என்று சிரித்தார்.

"இத யாரு வச்சது" என்று அன்று நீ கேட்டதற்கான பதில் என் நாக்கிலேயே இருந்தது. திண்டிவனம் பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டேன்.