நிஹ்லா தட்டாத பந்துகள்

செப்டெம்பர் 3

எங்கள் ஆசிரியர் கல்லூரி வாசலுக்கு எதிரே லாபிர் நானாவின் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனால் இப்போதெல்லாம் ஒரே கதைதான். நிஹ்லா. முதலாம் வருடத்துப் பிள்ளை, ஊர் நெளுக்குளம். கூடைப்பந்து அணிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. எதிரணிப் பிள்ளைகள் ரிங்கை நோக்கி எறிகிற பந்தை எகிறித் தட்டிவிடுகிறாள், அவ்வளவுதான். அதற்கு லாபிர் நானா, “இலங்கையிலேயே இப்பிடி ஒரு பிள்ளை இல்லை” என்கிறார். இலங்கை முழுக்கச் சுற்றிப் பார்த்தவர் மாதிரி. அவர் கடைசியாகக் கொழும்புக்குப் போனது கண் காட்ட.

நேற்றைய ஆட்டத்தில் கப்டன் சுமித்திரா பதினாறு புள்ளி எடுத்தாள் என்று யாராவது சொன்னார்களா? இல்லை. நானே எழுதி வைத்துக்கொள்கிறேன். பதினாறு.

செப்டெம்பர் 9

எங்கள் அணிக்குப் பயிற்சி தருகிற விஜிதரன் சேர் அறிவித்தலை வாசித்தார். மாகாணக் குழாமுக்கான தேர்வு நவம்பரில் யாழ்ப்பாணத்தில். கல்லூரிக்கு ஒருவர் மட்டும். ஒக்டோபர் கடைசிக்குள் பெயர் போகவேண்டும்.

எங்கள் கல்லூரியில் இதற்கு ஒரு வழமை உண்டு: கப்டன்தான் போவார். இதுவரை யாரும் அதைப்பற்றிக் கேள்வி கேட்டதில்லை. ஆகவே நான்தான். தையில் என்னை ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு சின்னப் பிள்ளைகளுக்குப் பந்தை உருட்டிவிடுவதோடு என் விளையாட்டு முடிந்தது. இது ஒன்றுதான் மிச்சம்.

அம்மாவுக்கு உடனே சொல்லிவிட்டேன். “உன்ர பேர் பேப்பரில வருமோ?” என்று கேட்டா.

சாப்பிடும்போது ஷமீலா சாதாரணமாகச் சொல்கிறாள்: “வழமையைப் பாக்காம இந்தமுறை நிஹ்லாவை அனுப்பினா என்னடி?” ஷமீலா என் அறைத் தோழி. ஆட்டத்தில் எனக்குப் பந்து கடத்துகிறவளும் அவள்தான். இனி இவளோடு சாப்பிட உட்காருவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த வேளையே மறந்துபோய் உட்கார்ந்துவிட்டேன்.

இந்தக் கதைக்கு ஒரு முடிவு கட்டவேண்டும். எண்ணப் போகிறேன். அவள் தட்டுகிற ஒவ்வொரு பந்தும் எங்கே போகிறது, என்ன ஆகிறது, எல்லாவற்றையும்.

செப்டெம்பர் 18

எங்கள் மைதானத்தில் மூன்று ஆட்டம். ஷமீலாவின் தம்பி போனில் எடுத்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எண்ணினேன்.

நிஹ்லா தட்டிய பந்து: 17.
அதில் கோட்டுக்கு வெளியே போனது: 10.

வெளியே போனால் பந்து யாருக்கு? எதிரணிக்கு. மறுபடி உள்ளே எறிந்து, அந்தப் பத்தில் ஆறு தடவை புள்ளி எடுத்திருக்கிறார்கள். சனம் கைதட்டி முடிவதற்குள் புள்ளி. ஒருமுறை பந்து வேலி தாண்டி, மோட்டார் சைக்கிளில் இருந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த அவளின் வாப்பாவின் மடியிலேயே விழுந்தது. அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைதட்டல்.

லாபிர் நானாவிடம் சொன்னேன். “அதுக்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும், வெளியால இருந்து எறிஞ்ச பந்தைப் பிடிக்காம விட்டது உங்கட பிழையெல்லோ” என்றார். இந்த மனுசனோடு கதைத்துப் பயனில்லை.

செப்டெம்பர் 24

இன்று கண்டுபிடித்தேன்!

போன மாரி வெள்ளத்தில் மைதானத்தின் மண்டபப் பக்கத் தரை வெடித்துப்போய், பழைய சீமெந்துக்கு மேலேயே புதிதாகப் போட்டார்கள். தரையை உயர்த்தினார்களே ஒழிய ரிங் கம்பத்தை யாரும் உயர்த்தவில்லை. கூட்டுகிற தும்புத்தடி நுனியில் அளவு நாடாவைக் கட்டி, ஷமீலாவைக் கதிரையில் ஏற்றிப் பிடிக்கச் சொன்னேன். வேலிப் பக்க ரிங் சரியாக மூன்று மீற்றரும் ஐந்து சென்ரிமீற்றரும். மண்டபப் பக்க ரிங் பதினொரு சென்ரிமீற்றர் குறைவு.

ரிங் தாழ்வென்றால் எல்லோரும் பந்தைத் தாழ்வாக எறிவார்கள். தாழ்வாக எறிந்தால் யாருக்கும்தானே எட்டும்! எண்ணிப் பார்த்தேன். பதினேழில் பன்னிரண்டு அந்தப் பக்கம்.

நாளைக்கே சேரிடம் கொண்டுபோகிறேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிட்டேன்.

செப்டெம்பர் 25

சேர் என் தாளை முழுக்க வாசித்தார். நல்ல வேலை என்றார். பிறகு, “உம்மட புள்ளியையும் இதே மாதிரி ரெண்டு பக்கமாப் பிரிச்சனீரோ?” என்று கேட்டார்.

பிரிக்கவில்லை. பிரிக்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

பிரித்தேன். மூன்று ஆட்டத்தில் என் புள்ளி 46. அதில் 34 மண்டபப் பக்க ரிங்கில்.

ஒக்டோபர் 2

ரிங்கை உயர்த்திவிட்டார்கள். இன்று பயிற்சியில் நான் கிட்ட நின்று எறிந்ததில் பாதி முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. வேறு எழுத ஒன்றுமில்லை.

ஒக்டோபர் 5

எரிச்சல். முழு நாளும் எரிச்சல்.

பயிற்சியில் நிஹ்லா வழமைபோல எகிறி அடித்தாள். பந்து மண்டபத்துச் சுவரில். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், அவளும் சிரிக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு— எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டேன். “நீ அடிச்சா ஆருக்குப் பந்து? கையைத் தட்டுறாங்கள் எண்டு அடிக்கிறியோ? பத்துப் பந்து வெளியால போனது, அதில ஆறு புள்ளியாப் போச்சுது, தெரியுமோ உனக்கு?”

அழப்போகிறாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அழட்டும் என்றே நினைத்தேன்.

அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “ஆறோ?” என்றாள். “எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. எங்கட வீட்டுப் பக்கம் வொலிபோல்தானே. அடிச்சுவிட்டா அதோட முடிஞ்சுது, புள்ளி எங்களுக்கு. அப்ப இதில எங்க அடிக்கோணும்?”

இத்தனை நாள் எண்ணினேன், எங்கே அடிக்கவேண்டும் என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை. “அது உன்ர வேலை” என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். வெட்கமாக இருந்தது.

ஒக்டோபர் 9

அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

வொலிபோலில் அடிக்கிறவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் பந்தை விரல் நுனியால் மேலே தூக்கிக் கொடுப்பாளே, அதைப்போல. எறிகிற பந்தை அறையாமல், விரலால் மெல்ல மேலே தூக்கிவிடுகிறாள். பந்து அங்கேயே எழும்பி அங்கேயே விழுகிறது. ஷமீலா ஓடிவந்து எடுக்கிறாள். இன்று ஏழு பந்து தட்டினாள், ஐந்து எங்கள் கையில்.

பார்க்க அழகாக இல்லை. சனம் கைதட்டாது. லாபிர் நானாவுக்குப் பிடிக்காது.

பிறகு என்னிடம் வந்து, “இப்ப சரியோ அக்கா?” என்றாள். “பரவாயில்லை” என்றேன். இரண்டு பந்து தப்பியதைச் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

இவள் கெட்டிக்காரிதானோ? இருக்கட்டும். கெட்டிக்காரி என்றால் அடுத்த வருடம் போகட்டும். அவளுக்கு அடுத்த வருடம் இருக்கிறது. எனக்கு இல்லை.

ஒக்டோபர் 19

யாழ்ப்பாணத்தில் ஆட்டம். விடியவே பஸ் எடுத்தோம். வழியில் எங்கள் ஊர் பரந்தன் சந்தியில் அம்மா இடியப்பப் பொட்டலத்தோடு நின்றா. அணிக்கு முழுக்கக் கொண்டுவந்திருந்தா. “என்ர மகளைத்தான் மாகாணத்துக்கு எடுக்கினமாம்” என்று பஸ் கொண்டக்ரருக்கும் சொன்னா.

மூன்றாம் காற்பகுதித் தொடக்கத்திலேயே எனக்கு நாலாவது ஃபவுல். ஐந்து வந்தால் ஆட்டத்தை விட்டே வெளியே. சேர் என்னைக் கூப்பிட்டு மைதான ஓரத்து வாங்கில் இருத்திவிட்டார். அப்போது நாங்கள் ஐந்து புள்ளி பின்னால். முடிந்தது என்று நினைத்தேன்.

இப்படி வெளியே இருந்து நான் இந்த அணியைப் பார்த்ததே இல்லை. உள்ளே ஆடும்போது நான் முன்னால் நிற்பேன், நிஹ்லா என் முதுகுக்குப் பின்னால் ரிங்கின் கீழே நிற்பாள். அவள் அங்கே என்ன செய்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? வீடியோவிலும் நான் அவள் கை பந்தில் படுகிற இடத்தை மட்டும்தான் நிறுத்திப் பார்த்தேன்.

எதிரணியில் ஒன்பதாம் இலக்கப் பிள்ளை ஒருத்தி, நல்ல கெட்டிக்காரி, முதல் பாதியில் எங்களை உரித்தெடுத்தவள். பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு உள்ளே வருகிறாள். நிஹ்லா ஓர் அடி முன்னால் வருகிறாள், கையைக்கூட உயர்த்தவில்லை. ஒன்பதாம் இலக்கம் அவளைப் பார்க்கிறாள். பந்தை வெளியே கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். மறுபடி வருகிறாள், மறுபடி திரும்புகிறாள். தூரத்தில் நிற்கிற ஒருத்தி வேறு வழியில்லாமல் எறிகிறாள், பந்து ரிங்கில்கூடப் படவில்லை.

எண்ணத் தொடங்கினேன். பழகிவிட்டதே. எட்டு நிமிடம். நிஹ்லா தட்டிய பந்து ஒன்றே ஒன்று. வந்து, அவளைக் கண்டு, திரும்பிப் போனது எட்டுத் தடவை. அவர்கள் எடுத்த புள்ளி நாலு.

இதை எழுதுவதற்குப் புள்ளித் தாளில் இடமே இல்லை. தட்டினால்தான் சனத்துக்குத் தெரியும். தட்டவே தேவையில்லாமல் போனால்?

மூன்று புள்ளியால் வென்றோம். நான் வாங்கில் இருந்தபோதுதான் முன்னுக்கு வந்தோம். வரும்போது பஸ்ஸில் எல்லோரும் பாட்டு. நானும் பாடினேன். இரணைமடுச் சந்தி தாண்டும்போதுதான் பாட்டை விட்டுவிட்டு அந்த எட்டை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

ஒக்டோபர் 22

சேர் படிவத்தைத் தந்தார். “வழமைப்படி உம்மட பேர்தான். நிரப்பி, கையெழுத்து வைச்சு, வெள்ளிக்கு முதல் தாரும்.”

எவ்வளவு லேசு. நான் ஒன்றும் செய்யத் தேவையில்லை. யாரும் குறை சொல்லமாட்டார்கள். நிஹ்லாவே சொல்லமாட்டாள். இன்று காலை, “அக்கா, தேர்வுக்குப் போகேக்க என்ர சப்பாத்தைக் கொண்டுபோங்கோ, உங்கட அடி வழுக்குது” என்றாள். எங்கள் இரண்டுபேருக்கும் ஒரே அளவு.

பெயர் எழுதுகிற இடத்தில் ‘சு’ என்று எழுதிவிட்டு நிறுத்தியிருக்கிறேன்.

ஒக்டோபர் 23

படிவம் இன்னும் மேசையில். அம்மா இரண்டு தரம் கோல் எடுத்தா. நான் போனைத் தூக்கவில்லை.

ஒக்டோபர் 24

காலையில் அம்மாவுக்கு நானே கோல் எடுத்து, என் பேருக்குப் பதிலாக நிஹ்லாவின் பேரை எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அம்மா, “அந்தப் பிள்ளை உன்னைவிடக் கெட்டிக்காரியோ?” என்று கேட்டா.

“தெரியாது அம்மா. ஆனா நான் வெளியால இருந்து பாத்தனான். அவள் நிண்டா ஒருத்தரும் உள்ளுக்கு வரமாட்டினம்.”

“அப்ப நீ?”

“நான் நிண்டா வருவினம்.”

அம்மா சிரித்துவிட்டா. நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன். பெருந்தன்மை என்று ஒரு மண்ணும் இல்லை, வயிறு எரிந்தது. இரண்டு வருடம் விடியப்புறம் எழும்பி ஓடினேனே, அதற்கெல்லாம் என்ன அர்த்தம்? என்ர பேரை நானே வெட்டுறதுக்கோ?

ஆனால் எண்ணினவள் நான். எட்டு என்று தெரிந்த பிறகு தெரியாத மாதிரி எப்படி எழுதுவது?

சேரிடம் போனேன். சொன்னேன். என்னென்னவோ கேட்பார் என்று ஆயத்தமாகப் போயிருந்தேன். அவர் ‘சு’ எழுதிய படிவத்தைக் கிழித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு மேசை லாச்சியைத் திறந்து இன்னொரு படிவத்தை எடுத்தார். “வெட்டித் திருத்தினா ஏற்கமாட்டினம். புதுசில எழுதும். வடிவா எழுதும்.”

வடிவாக எழுதினேன்.

ஒக்டோபர் 25

நிஹ்லா அறைக்கு வந்தாள். “ஏன் அக்கா?” என்று மட்டும் கேட்டாள். யாழ்ப்பாணத்து எட்டு நிமிடத்தைச் சொன்னேன். “நான் ஒண்டும் செய்யேல்லையே, சும்மா நிண்டனான்” என்றாள். அதைத்தான் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. போகும்போது கதவடியில் நின்று அழுதாள். ஷமீலாவும் அழுதாள். எனக்கு வரவில்லை, நேற்றே முடிந்துவிட்டது.

நவம்பர் 9

இன்று தேர்வு. நிஹ்லாவை அவளின் வாப்பா கூட்டிப்போனார். நான் பாடத்திட்டம் எழுதினேன். ஒரு பக்கத்தை மூன்று தரம் எழுதினேன்.

நவம்பர் 16

எடுபட்டுவிட்டாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தி. சேர் வகுப்புக்கே வந்து சொன்னார். எனக்கு முதலில் வந்தது சந்தோசம்தான். இதைப் பின்னாளில் நானே நம்பமாட்டேன், அதற்காக எழுதி வைக்கிறேன்.

நவம்பர் 18

மழை. பயிற்சி இல்லை. லாபிர் நானாவின் கடையில் நானும் ஷமீலாவும். தேர்வு ஆட்டத்தின் வீடியோ அவர் போனுக்கு வந்திருக்கிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு பார்க்கிறார்.

“என்ன நானா?”

“சொல்லக்கூடாது. நம்மட பிள்ளைதான். ஆனா எப்பிடி எடுத்தாங்களோ தெரியாது. முழு ஆட்டத்துக்கும் ரெண்டு பந்துதான் தட்டியிருக்கா. அதுவும் மெல்லமா, பூப்போல. முந்தியெண்டா வேலிக்கு வெளியால போகும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உன்னையே அனுப்பியிருக்கலாம், சுமித்திரா” என்றார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் கடையிலிருந்த வடை முழுக்கவும் வாங்கிக் கொடுத்திருப்பேன். இன்று எனக்குக் கோபம்தான் வந்தது. போனைப் பறித்தேன்.

“நீங்கள் பந்தைப் பாக்கிறியள் நானா. பந்தைப் பாக்காதேங்கோ. இந்தா, இந்த நீலச் சட்டைப் பிள்ளையைப் பாருங்கோ. வாறா. நிஹ்லாவைக் காணுறா. எங்க போறா?”

“திரும்பிட்டா.”

“இப்ப மற்றவ.”

“அவவும் திரும்பிட்டா.” கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போனுக்கு இன்னும் கிட்ட வந்தார்.

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. யாரோ சீனி கேட்டார்கள், அவர் காதில் விழவில்லை. விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

“பதினொண்டு” என்றார் கடைசியில்.

“பன்னிரண்டு” என்றேன் நான். “திருப்பிப் போடுங்கோ, காட்டுறன்.”