கொழுந்துக் கூடை வரவேற்பு

வைகாசி 11, ஞாயிறு

குமட்டிக்கொண்டு வருகிறது. சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது.

குன்னூரில் எங்கள் தேயிலை எஸ்டேட் மேனேஜர் மகளின் ரிசப்ஷன். வாசலில் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்த ஆறு பெண்கள், உதட்டுச்சாயமும் முதுகில் கொழுந்துக் கூடையுமாக நின்று பன்னீர் தெளித்தார்கள். "நூறு வருஷமா நீலகிரியில இப்படித்தாங்க விருந்தாளிகளை வரவேற்கிறது!" என்று மைக் பிடித்தவன் அளந்துவிட்டான். போன வாரம் அவனும் மேனேஜர் சம்சாரமும் வாட்ஸ்அப்பில் பேசி முடிவு செய்த வழக்கம் இது. ஸ்டோரிலிருந்து கூடைகளை எடுத்துக் கொடுத்த கிளார்க் நான்தான்.

என்னோடு வந்திருந்த அம்மா முப்பது வருஷம் இதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவள். யாரோ அதை மைக் பிடித்தவனிடம் சொல்லிவிட்டார்கள். "ஒரிஜினலே வந்துட்டாங்க!" என்று கூவி, அவளை மேடையேற்றி ஒரு கூடையைக் கையில் கொடுத்தான். அம்மா பழக்கதோஷத்தில் அதன் கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து நின்றாள். "சிரிங்கம்மா, போட்டோ!" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நானும் தட்டினேன். த்தூ.

வீட்டுக்கு வந்ததும் அம்மா யூகலிப்டஸ் தைலம் கேட்டாள். தேய்த்துவிட்டேன்.

"கூடை காலியாத்தானடா இருந்துச்சு, கழுத்து ஏன் இப்படி வலிக்குது?" என்றாள்.