சொல்லிவிட்டு நகர்த்து

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் விரலை விட்டு அந்த வாசனை போகவில்லை. களிமண் பொம்மையின் எண்ணெய் வாசனை. பள்ளியில் பிஸ்கட் டின்னுக்குள் நீ போட்டு வைத்திருந்தாயே, அதே பிளாஸ்டிசின். உன் துப்பட்டாவிலும் நீ தொட்ட என் கார்ச் சாவியிலும் இதே வாசனை இருந்ததால், என் மூக்கு இதை உன் வாசனை என்றே முடிவு செய்துவிட்டது. சோறு பிசைய உட்கார்ந்தவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே இருந்தேன். பிறகுதான் உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

களைப்பாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். லோபாக்கிலிருந்து விடியுமுன் கிளம்பி, மலை வளைவுகளைத் தாண்டி, கோலா பிலாவுக்கு அப்பாலிருக்கும் நம் தோட்டப் பள்ளிக்கு இப்போது தனியாகத்தான் காரோட்டுகிறேன். நீ உட்கார்ந்த இருக்கையில் கோப்புகள் வருகின்றன. அவை பேசுவதில்லை. “ஏன் லா, காலையிலேயே மூஞ்சி கடைசிப் பீரியட் மாதிரி இருக்கு?” என்று கேட்பதில்லை. நாசி லெமாக்கில் என் பங்கு நெத்திலியை எடுப்பதும் இல்லை.

நம் பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும். பதில் மட்டும் மலாயில் வரும், இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் வரும். பாட்டுப் பாடிப் பார்த்தோம், நட்சத்திரம் ஒட்டிப் பார்த்தோம். நட்சத்திரத்தை நெற்றியில் ஒட்டிக்கொண்டு மலாயிலேயே சண்டை போட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நீ ஒரு பழைய கைப்பேசியையும் களிமண்ணையும் தூக்கிக்கொண்டு வந்தாய். “இதுங்க கார்ட்டூன் பாக்குதுங்கதானே? அதையே செய்ய விட்டுருவோம்.” தரையெல்லாம் களிமண் ஒட்டுமே, யார் சுரண்டுவது என்று நான் கேட்டேன். “நீயும் நானும்தான், வேற யாரு?” என்று சிரித்தாய். அப்படியே ஆயிற்று, மகராசி. வருடக்கணக்கில் சுரண்டினோம்.

பொம்மையை ஒரு துளி நகர்த்து, கையை எடு, படம் பிடி. மறுபடி ஒரு துளி நகர்த்து. இது எல்லாரும் செய்வதுதான். நீ அதில் ஒரு சட்டம் போட்டாய். சொல்லிவிட்டுத்தான் நகர்த்த வேண்டும். பொம்மை என்ன செய்கிறதோ அதைத் தமிழில் சொன்ன பிறகே பிள்ளை அதைத் தொடலாம். ஆடு மேசையைக் கடப்பதற்குள் “ஆடு நடக்குது” என்று அத்தனை முறை சொல்லியாக வேண்டும். “பயிற்சின்னு சொன்னா ஓடிருவாங்க. ஆடு நகரணும்னா சொல்லித்தானே ஆகணும்?” என்பாய். காகிதத்தில் வரைந்த செம்பனை மரங்கள் காற்றில் ஆடக் கூடாது என்று மின்விசிறியை வேறு நிறுத்திவிடுவாய். வெளிச்சம் மாறக் கூடாது என்று திரைச்சீலையும் மூடியிருக்கும். பிள்ளைகள் விசிறியைக் காட்டி “கிப்பாஸ் போடுங்க டீச்சர்” என்று கெஞ்சுவார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் கெஞ்சுவேன்.

தர்ஷினி இந்த வருடம்தான் இரண்டாம் ஆண்டுக்கு வந்தாள். தெரியாது என்பதைக்கூட மலாயில்தான் சொல்வாள். ஆனால் அந்த ஆட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. கறுப்புக் களிமண் தீர்ந்துபோனதால் பச்சையாகப் பிறந்த ஆடு. வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டுவாள். பாவம், அவளுக்கு மட்டும் விட்டுக்கொடேன் என்று நான் சொன்னபோது நீ மசியவில்லை. “சொல்லாம தள்ளுனா ஆடு கோவிச்சுக்கும் லா.” எனக்கு உன் மேல் எரிச்சல்தான் வந்தது. ஒரு மத்தியானம் அவள் “நட” என்றாள். ஒற்றைச் சொல். நீ ஒன்றுமே நடக்காதது போல ஆட்டை அவளிடம் தள்ளி வைத்தாய். சில வாரங்களில் “டேய், கைய எடுடா, படத்துல விழுது!” என்று பையன்களை அதட்டும் அளவுக்கு வந்துவிட்டாள்.

செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் ஆடு தெரியாமல் ஏறி, கோலா பிலா பாசார்க் கடைத்தெருவுக்குப் போய்விடும்; அங்கிருந்து வீடு திரும்ப வேண்டும். அதுதான் பிள்ளைகளின் கதை. பாசார் வரை எடுத்துவிட்டோம். “ஸ்கூல் தொறந்ததும் வீட்டுக்குக் கொண்டாந்துருவோம்” என்று காரை விட்டு இறங்கும்போது சொன்னாய். விடுமுறையில் ரெம்பாவில் தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் உன் இதயம் நின்றுவிட்டது.

நீ எங்கே என்று தர்ஷினி ஒரே ஒரு முறை கேட்டாள். மலாயில் கேட்டாள். சொன்னேன். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் தலையை மட்டும்தான் ஆட்டினாள். அவள் அம்மா வந்து, “தமிழ் வரலன்னா எதுக்கு டீச்சர் புள்ளயப் போட்டு வதைக்கணும்? அடுத்த வருஷம் மலாய் ஸ்கூலுக்கு மாத்திரலாம்னு பாக்குறேன்” என்றாள். கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தலைமையாசிரியரோ, “படத்த முடிச்சிருங்க, இல்லாட்டி மேசையக் காலி பண்ணுங்க” என்றார். காலி பண்ணத்தான் நினைத்தேன். எனக்கு உன் தெம்பு கிடையாது, எப்போதும் கிடையாது.

போன வாரம் காலி பண்ணப் போய், நாம் மூடி வைத்த நாளிதழைத் தூக்கினேன். ஆடு லோரியிலேயே உட்கார்ந்திருந்தது, ஒரு கால் ஒடிந்து. அதை அப்படிக் குப்பையில் போட மனம் வரவில்லை. டின்னைத் திறந்து கால் உருட்டினேன். தர்ஷினி எப்போது வந்தாள் என்று தெரியாது. தானே திரைச்சீலையை மூடினாள், விசிறியை நிறுத்தினாள், கைப்பேசிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். சரி, இறக்கியாவது விடுவோம் என்று ஆட்டை லோரியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன். படம் பிடிக்கும் சத்தம் வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

“டீச்சர், நீங்க சொல்லவே இல்ல.”

ஆட்டை விட்டுக் கையை எடுத்தேன்.

“மறுபடி மேல வைங்க. சொல்லிட்டு நகத்துங்க.”

ஆட்டைத் திரும்ப லோரியில் வைத்தேன். ஆடு சொல்ல வேண்டியது ‘வீட்டுக்குப் போறேன்’, அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை முன்னால் அழுதுவிட்டேன். அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, “வீட்டுக்குப் போறேன். சொல்லுங்க டீச்சர்” என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். சொல்லச் சொல்ல ஆடு இறங்கியது. வேன்காரர் ஹார்ன் அடிக்கும்வரை, இரண்டு பேரும் வியர்வையில் நனைந்துகொண்டு அதை நடத்தினோம்.

பாசாரைக்கூட இன்னும் தாண்டவில்லை. அவள் அம்மாவும் எதுவும் முடிவாகச் சொல்லவில்லை. எனக்குக் களைப்பும் தீரவில்லை. முழங்கால் வலி கூடத்தான் செய்திருக்கிறது. காலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நகர மனமில்லாமல் கொஞ்ச நேரம் தரையைப் பார்க்கிறேன். பிறகு வாய்விட்டு, “எந்திரிக்கிறேன்” என்கிறேன். எழுந்துவிடுகிறேன். “ஸ்கூலுக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுக்கிறேன்.

“காலங்காத்தால யாருகிட்ட பேசுற?” என்று என் வீட்டுக்காரர் இன்று கேட்டார்.

“நகரணும்னா சொல்லித்தானே ஆகணும்” என்றேன்.